தலைவர் ஊரில் இல்லாத நாளில்: றொபேட் குறொஸ் பற்றி ஒரு பதில்

கோண்டாவிலில் இருந்து ஓர் ஆசிரியை கேட்டு எழுதியிருக்கிறார். பிறந்த கையோடு அடைபட்டிருக்க வேண்டிய ஒரு நாடி அவருடைய மூன்று வயது மகளுக்கு அடைபடாமல் இருந்ததாம். போன மாதம் கொழும்பில், நெஞ்சைத் திறக்காமலே, தொடையில் உள்ள குருதிக்குழாய் வழியாக ஒரு சிறு அடைப்பானைக் கொண்டுபோய் அதை மூடியிருக்கிறார்கள். விடுதியில் நின்ற இளம் வைத்தியர் ஒருவர், "இதை முதலில் மூடிக் காட்டியவர் குறொஸ், தலைவர் லீவில் போன நேரம் பார்த்து, அவர் சொல்லை மீறிச் செய்தவர்" என்றாராம். அந்த மனிதர் யார், சொல்லை மீறியவரை முன்னோடி என்று கொண்டாடுவது சரிதானா என்பவை ஆசிரியையின் இரண்டு கேள்விகள். மகளுக்கு இனி என்ன கவனம் வேண்டும் என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. குறொஸின் கதையைச் சொல்லுகிறவர்கள் அந்த லீவுக் கதையோடு தொடங்கி, அநேகமாக அதோடேயே முடித்துவிடுகிறார்கள். குழந்தைகள் விடுதிகளில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு நாளுக்கு முந்திய ஏழு வருடங்களை அறியாமல் அந்த நாளுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் அந்த நாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு வேண்டிய ஒட்சிசன் சூல்வித்தகம் வழியாகத் தாயின் குருதியிலிருந்து கிடைப்பதால், அதன் நுரையீரலுக்கு அதிகக் குருதி போகவேண்டிய தேவை இல்லை. ஆகவே இருதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் நாடியையும், உடம்பெங்கும் குருதியைக் கொண்டுசெல்லும் தொகுதிப் பெருநாடியையும் ஒரு குறுகிய குழாய் இணைத்து, குருதியை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. பிள்ளை பிறந்து மூச்சை இழுத்ததும் இந்தக் குழாய் சுருங்கத் தொடங்கும். நிறைமாதக் குழந்தையில் இரண்டு மூன்று நாள்களுக்குள் அடைபட்டு, சில வாரங்களில் வெறும் நாராகிவிடும். சில பிள்ளைகளில் அது அடைபடுவதில்லை. அப்போது பெருநாடியின் உயர்ந்த அழுத்தம் குருதியை எதிர்த்திசையில், நுரையீரலுக்குள்ளேயே திரும்பத் தள்ளுகிறது. உங்கள் ஊர்ச் செம்மண் தோட்டங்களில் தண்ணீர் மாறும்போது ஒரு மடையைக் கட்டாமல் விட்டால் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: பக்கத்துப் பாத்தி வெள்ளத்தில் நிற்க, கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கும், இறைக்கும் இயந்திரம் மட்டும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும். அந்த இயந்திரம் இருதயம்.

குழாய் சிறிதாக இருந்தால் பிள்ளை ஓடியாடித் திரியும். யாருக்கும் எதுவும் தெரியாது. பெரிதாக இருந்தால் மூச்சு வாங்கும், பால் குடிக்கும்போதே வியர்க்கும், வயதுக்கேற்ற எடை வராது. இவை ஒருபுறமிருக்க, குறொஸின் காலத்தில் வைத்தியர்கள் மிகவும் அஞ்சியது இன்னொன்றுக்கு. வேகமாகச் சீறும் குருதி மோதுகிற அந்த இடத்தில் பக்ரீரியாக்கள் வந்து குடியேறிவிடும். பெனிசிலின் வைத்தியத்துக்கு வராத அந்நாள்களில் அப்படிக் கிருமி பிடித்த நோயாளி பிழைப்பது மிக அரிது.

இந்தக் குழாய்க்கு ஒரு சத்தம் உண்டு. இருதயத்தின் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் நிற்காமல், அரிசி ஆலைக்கு வெளியே நின்று கேட்பதுபோல் தொடர்ந்து இரையும். எடின்பரோவில் இருந்த ஜோர்ஜ் கிப்சன் 1900 ஆம் ஆண்டில் அதைத் துல்லியமாக விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால், உறங்கும் பூனையின் முதுகில் வைத்தது போன்ற ஓர் அதிர்வு தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரால் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடியிருந்த காலத்தில், இந்தச் சத்தத்தோடு ஒரு சிறுவனைத் தாய் எங்களிடம் கொண்டுவந்தார். நோய் என்னவென்று சொல்ல ஸ்டெதஸ்கோப்பும் காதும் போதுமாக இருந்தன. மூடுவதற்குக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. கிளாலியில் இரவுப் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்து அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்து, சுகமாகித் திரும்பியும் வந்தான். நோயை அறிவதற்கும் நோயைத் தீர்ப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுதான் ஞாபகம் வரும். குறொஸுக்கு முன்னால் அந்தத் தூரத்தைக் கடக்க உலகில் எந்த ஊரிலும் படகு இருக்கவில்லை.

றொபேட் எட்வேட் குறொஸ் 1905 யூலை 2 ஆம் திகதி அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் புரை இருந்ததால் அந்தக் கண்ணால் அவருக்குப் பயனில்லை. ஒற்றைக் கண்ணால் பார்ப்பவருக்கு நிறமும் உருவமும் தெரியும். எது முன்னால், எது பின்னால், எவ்வளவு இடைவெளி என்பது எளிதில் பிடிபடாது. நம்பாதவர்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பார்க்கலாம். தந்தையார் மகனுக்குப் பழைய மணிக்கூடுகளைக் கொடுத்து, கழற்றித் திரும்பப் பூட்டச் சொன்னாராம். முதலில் பெரிய சுவர்க்கடிகாரம், பிறகு அதைவிடச் சிறியது, பிறகு இன்னும் சிறியது. பல்லுச் சக்கரங்களுக்கிடையிலான ஆழத்தைக் கண் சொல்லாதபோது விரல் கற்றுக்கொண்டது. பிற்காலத்தில் உலகின் மிக நுண்ணிய சத்திரசிகிச்சைகளைச் செய்த இந்த மனிதருக்கு ஒரு கண்தான் என்பதை, அவரோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் அறிந்திருக்கவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்னும் வைரசுக் காய்ச்சல் வந்தால், பிள்ளை கண்ணில் புரையோடும் இந்த நாடி அடைபடாமலும் பிறக்கக்கூடும் என்ற தொடர்பை 1941 இல் சிட்னியில் இருந்த கண் வைத்தியர் நோர்மன் கிறெக் வெளிக்கொணர்ந்தார். குறொஸின் கண்புரைக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ருபெல்லாத் தடுப்பூசியைப் பற்றி யாராவது உங்களிடம் சலித்துக்கொண்டால் இந்த இரண்டையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

மினசோட்டாவில் உள்ள கார்ள்ரன் கல்லூரியில் அவர் படித்தது இரசாயனவியல். அதிலேயே தொடரத்தான் எண்ணியிருந்தார். வில்லியம் ஒஸ்லர் என்னும் பெரிய வைத்தியரின் வாழ்க்கையை ஹாவி கூஷிங் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் எழுதியிருந்தார். அதைப் படித்தபின் மனம் மாறி, ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1931 இல் வைத்தியரானார். வெளியே வந்தவர் உடனே கத்தியைக் கையில் எடுக்கவில்லை. பேட் வூல்பாக் என்னும் நோயியல் பேராசிரியரிடம், இறந்தவர்களின் உடல்களைத் திறந்து காரணம் தேடும் வேலையில் இறங்கினார். அந்த மேசையில்தான் அடைபடாத நாடியோடு இறந்த பிள்ளைகளைக் கண்டார். மற்றபடி அந்த இருதயங்களில் குறையேதும் இல்லை. சில மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு குழாயை ஒரு நூலால் கட்டியிருந்தால் பிள்ளை இங்கே வந்திருக்காது என்ற எண்ணத்தை அந்த அறை அவருக்குள் விதைத்தது.

யாரும் அதுவரை இதை நினைக்கவில்லை என்று கொள்ளவேண்டாம். 1907 இலேயே பொஸ்ரனைச் சேர்ந்த ஜோன் மன்றோ, இந்தக் குழாயைக் கட்டலாம் என்று சக வைத்தியர்களின் சபையில் சொல்லி, பிரேதத்தில் வழியையும் காட்டினார். ஆர்வம் காட்டுவாரில்லாமல் முப்பது வருடம் அது அப்படியே கிடந்தது. 1937 இல் அதே நகரில் ஜோன் ஸ்றைடர், கிருமி பிடித்த ஒரு பெண்ணுக்குக் கட்டிப் பார்த்தார். சில நாள்களில் அவர் இறந்துபோனார். ஆகவே குறொஸின் தனித்துவம் யோசனையில் இல்லை. கிருமி பிடித்துச் சாகக்கிடக்கும் நோயாளியில் அல்லாமல், கிருமி பிடிப்பதற்கு முன்னரே, தாங்கும் வலு உள்ள பிள்ளையில் செய்யவேண்டும் என்று தேர்ந்ததில் இருக்கிறது. அதற்காக ஆய்வுகூடத்தில் நாய்களின் நெஞ்சைத் திறந்தும், பிரேத அறையில் பிள்ளைகளின் உடற்கூற்றை அளந்தும், எந்த விலா இடைவெளியால் போவது, எந்த நரம்பை ஒதுக்குவது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். குரல்வளைக்குப் போகும் இடப்பக்க நரம்பு இந்தக் குழாயை அணைத்தே வளைந்து செல்கிறது; அதில் கை பட்டால் பிள்ளை உயிர் தப்பினாலும் குரல் கம்மிப்போகும்.

இனிக் குறொஸின் தலைவர். வில்லியம் லாட்டை இந்தக் கதையில் வெறும் தடைக்கல்லாகக் காட்டுவது அநியாயம். 1927 முதல் பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைத் தலைவராக இருந்த அவரை, அமெரிக்காவில் குழந்தைச் சத்திரசிகிச்சையின் தந்தை என்றே சொல்லுகிறார்கள். பெரியவர்களுக்குச் செய்கிற வைத்தியர்களே ஓய்வுநேரத்தில் பிள்ளைகளுக்கும் செய்துகொண்டிருந்த காலத்தில், முழுநேரமும் பிள்ளைகளுக்கே என்று ஒதுக்கியவர் அவர். மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் உள்ள மொத்தக் குருதியும் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர்தான், ஒரு தேநீர்க் கோப்பையளவு. அதில் ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மேசைக்கரண்டி சிந்தினாலே பெரியவர் ஒருவர் அரை லீற்றர் இழந்ததற்குச் சமம். பெரியவர்களுக்கான முறையைச் சுருக்கிப் பிள்ளைக்குச் செய்வது ஏன் உயிருக்கு ஆபத்து என்பதை லாட் அறிந்திருந்தார். குடல் பிறவியிலேயே தவறாகத் திரும்பி முறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அவர் 1936 இல் விவரித்த சத்திரசிகிச்சை இன்றும் அவர் பெயரிலேயே உலகெங்கும் செய்யப்படுகிறது.

1917 டிசம்பர் 6 இல் கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊர் அழிந்தபோது பொஸ்ரனிலிருந்து உதவிக்குப் போனவர்களில் லாட்டும் ஒருவர். அங்கே காயப்பட்ட பிள்ளைகளைக் கண்டுதான் இந்தத் துறைக்குத் திரும்பினார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். நல்ல கதை. ஆனால் அதற்கு முன்னரே அவர் சிறுவர் வைத்தியசாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர். ஒரே நாளில் ஒருவருடைய வாழ்க்கை திரும்பிவிட்டதாகச் சொல்லப்படும் கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு; லாட்டின் ஹலிஃபக்ஸ் கதையும் குறொஸின் லீவுக் கதையும் ஒரே தறியில் நெய்தவை.

லாட் இந்தச் சத்திரசிகிச்சைக்கு இணங்கவில்லை, அவர் விடுமுறையில் போயிருந்தபோது குறொஸ் அதைச் செய்தார் என்பது உண்மைதான். 1938 ஓகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. குறொஸுக்கு வயது 33. பதவி பயிற்சி வைத்தியர்களின் தலைவர், அவ்வளவுதான். பிள்ளைக்கு ஏழரை வயது. அருகில் நிற்கும்போதே மகளின் நெஞ்சுக்குள் ஏதோ இரைவது கேட்கிறது என்று தாய் சொல்லியிருந்தார். பிள்ளையைப் பரிசோதித்து நோயை உறுதிசெய்தவர் ஜோன் ஹபாட் என்னும் குழந்தை வைத்தியர். மயக்க மருந்து கொடுத்தவர் பெற்றி லாங்க் என்னும் தாதி. அந்நாள்களில் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ச்சி பெற்ற தாதியர் பலர் இருந்தார்கள். சைக்கிளோபுறோப்பேன் என்ற வாயுவைச் சிறு பிள்ளைகளுக்குப் பக்குவமாகக் கொடுப்பதில் இவர் கைதேர்ந்தவர். நெஞ்சைத் திறந்தால் அந்தப் பக்க நுரையீரல் சுருங்கிவிடும். மறுபக்கத்தை வைத்தே பிள்ளைக்கு மூச்சு நடத்தவேண்டும். அதை நடத்தியது லாங்கின் கை. அவருடைய பெயர் இந்தக் கதையில் அநேகமாக விடுபட்டுப்போவது எனக்கு ஒரு குறை.

இடப்பக்க நெஞ்சு திறக்கப்பட்டு, குழாய் வெளிப்பட்டது. குறொஸ் கிருமியகற்றிய ஸ்டெதஸ்கோப் ஒன்றை நேரே இருதயத்தின் மேல் வைத்துக் கேட்டார். மூடிய அறைக்குள் பெருமளவு நீராவி சீறிக்கொண்டு வெளியேறுவது போன்ற, காதை அடைக்கும் பேரிரைச்சல் என்று பின்னர் எழுதினார். உடனே கட்டிவிடவில்லை. குழாயைத் தற்காலிகமாக அழுத்தி மூடிவைத்துக்கொண்டு, மூன்று நிமிடம் பார்த்தார். எவருமே அதற்கு முன் கண்டிராத நிலை அது: இந்தக் குழாய் மூடினால் இருதயம் தாங்குமா, அல்லது அந்த வழியை நம்பித்தான் இயங்குகிறதா? பிள்ளை நீலம் பாரிக்கவில்லை. குருதியமுக்கத்தின் கீழ் எண் மேலே ஏறி, அந்த வயதுக்குரிய இடத்தில் நின்றது. சீறல் நின்றுவிட்டது. பின்னர்தான் பட்டு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

அந்த மூன்று நிமிடத்தில் குறொஸ் யாரென்று எனக்குத் தெரிகிறது. துணிச்சற்காரர் என்றால் கட்டியிருப்பார். அவர் காத்திருந்தார், அழுத்தத்தை விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தார். சிறுமி சில நாள்களில் எழுந்து நடந்தாள். மருத்துவச் சஞ்சிகையில் குறொஸும் ஹபாட்டும் 1939 இல் இதை அறிவித்தார்கள். சிறுமி வளர்ந்து, குடும்பத்தோடு நெடுங்காலம் வாழ்ந்தார்.

சரி, சொல்லை மீறியது சரிதானா? என் பதில் உங்களுக்குத் திருப்தி தராமல் போகலாம். அந்தப் பிள்ளை மேசையிலேயே இறந்திருந்தால், இன்று இதே செயலை நாம் ஒழுங்குமீறல் என்றல்லவா சொல்லிக்கொண்டிருப்போம். முடிவை வைத்து நியாயத்தை அளப்பது வைத்தியத் தொழிலில் ஆபத்தான பழக்கம். இன்று ஒரு பயிற்சி வைத்தியர், பொறுப்பான நிபுணரின் மறுப்பை மீறி, அவர் இல்லாத நாளில் உலகில் எவரும் வெற்றிகரமாகச் செய்யாத ஒன்றைச் செய்தால், பிள்ளை பிழைத்தாலும் அவரை நான் பாராட்ட மாட்டேன். அதே சமயம், குறொஸ் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. மற்றவர்கள் நாளை பார்க்கலாம் என்று விட்டிருந்த வேலையை ஏழு வருடம் இருந்து முடித்துவைத்திருந்தார். மீறலை மட்டும் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஏழு வருடம் மறைந்துபோகும். விடுதியில் நின்ற அந்த இளம் வைத்தியரிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் அது ஒன்றுதான். குறொஸும் விலை கொடுத்தார். அவருக்கும் லாட்டுக்கும் இடையில் ஏற்பட்ட விரிசல் ஒட்டவேயில்லை. பிள்ளைகளின் வயிற்றுச் சத்திரசிகிச்சை பற்றிய பெருநூல் ஒன்று 1941 இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. பல தலைமுறை வைத்தியர்கள் அதை வைத்துப் படித்தார்கள். ஒரே அட்டையில் பெயர் இருந்தவர்களுக்குள் முகம்கொடுத்துப் பேசுவதே கடினமாக இருந்ததென்பார்கள்.

தன் முதல் வெற்றியைத் தானே குறைகண்டவர் என்பதையும் சொல்லவேண்டும். நூலால் கட்டிய குழாய் சிலரில் மெல்லத் திறந்துகொண்டது. நூல் சுவரை அறுத்துவிடும் அபாயமும் இருந்தது. ஆகவே கட்டுவதை விட்டு, குழாயை இரண்டாக வெட்டி இரு முனைகளையும் தனித்தனியே தைக்கும் முறைக்கு மாறி, 1944 இல் அதை வெளியிட்டார். பிறகு பெருநாடியே ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும் பிறவிக் குறைக்குப் போனார்: ஒடுங்கிய பகுதியை வெட்டி எடுத்து முனைகளைப் பொருத்தித் தைப்பது. சுவீடனில் கிளறன்ஸ் கிறஃபோட் 1944 ஒக்ரோபரில் இதைச் செய்துவிட்டார். குறொஸ் தன் ஆய்வுகூட வேலைகளின் வழியே 1945 இல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். யாருக்கு உரிமை என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. பொருத்த முனை எட்டாத பிள்ளைகளுக்கு, இறந்தவர்களிடமிருந்து எடுத்துப் பேணிய நாடித் துண்டுகளை இடையில் வைத்துத் தைத்ததும் அவரே. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் பெருநாடி வளையமாகச் சுற்றி நெரிக்கும் பிள்ளைகளை அந்த வளையத்தை வெட்டி விடுவித்ததும் அதே 1945 இல்.

அவர் பெரிதாகப் பிழைவிட்ட இடமும் ஒன்று உண்டு. பால்ரிமோரில் இருந்த ஹெலன் டோசிக் என்ற குழந்தை இருதய வைத்தியர், நீலம் பாரித்துப் பிறக்கும் பிள்ளைகள் சிலர் இந்த நாடி திறந்திருக்கும்வரைதான் உயிரோடிருக்கிறார்கள், அது அடைபட்டதும் இறக்கிறார்கள் என்று கவனித்திருந்தார். மூடத் தெரிந்தவருக்கு ஒன்றைப் புதிதாக உண்டாக்கவும் தெரியும் என்ற எளிய நியாயத்தோடு அவர் பொஸ்ரனுக்குப் போய்க் குறொஸிடம் கேட்டார். இவற்றை மூடவே நான் இவ்வளவு பாடுபடுகிறேன், புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்கிறீர்களா என்ற தோரணையில் குறொஸ் அனுப்பிவிட்டார். டோசிக் அந்தக் கேள்வியை அல்பிரட் பிளாலொக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கொண்டுபோனார். பிளாலொக்கின் ஆய்வுகூடத்தில், பட்டமேதும் இல்லாத விவியன் தோமஸ் என்னும் கறுப்பினத் தொழில்நுட்பவியலாளர் நாய்களில் வழியைச் செம்மைப்படுத்திக் கொடுக்க, 1944 நவம்பர் 29 இல் அந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. பத்து வருடம் கழித்து, 1954 இல், லாஸ்கர் விருது என்னும் பெரிய மருத்துவ விருது பிளாலொக், டோசிக், குறொஸ் மூவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. தோமஸின் பெயர் அதில் இல்லை. அந்த மேடையில் டோசிக்கைப் பார்த்தபோது குறொஸின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

என்னை அதிகம் வியக்கவைப்பது அவருடைய 'புனல்'. 1952 அளவில், இருதயத்துக்கு உள்ளேயே உள்ள ஓட்டையை அடைக்க அவர் ஒரு வழி கண்டார். இருதயத்தை நிறுத்திவைத்து வேலைசெய்ய உதவும் இயந்திரம் 1953 மே மாதத்தில்தான் ஒரு நோயாளியில் முதன்முறை வெற்றிகண்டது. அதற்கு முந்திய காலம் இது. துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தின் வலப்பக்க மேலறைச் சுவரில் ஒரு றப்பர்ப் புனலின் வாயைத் தைத்துவிட்டு, உள்ளே சுவரைத் திறந்தார். அந்த அறையில் அழுத்தம் குறைவு என்பதால் குருதி புனலுக்குள் ஓரளவு உயரம் ஏறி, கிணற்றில் தண்ணீர் நிற்பதுபோல நின்றுவிடும், பொங்கி வழியாது. குறொஸ் அந்தக் குருதிக் கிணற்றுக்குள் விரல்களை விட்டு, ஓட்டையின் விளிம்பைத் தடவி அறிந்து, கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே தைத்தார். தெளிந்த கிணற்றின் அடியில் விழுந்த காசு தெரியும். இது சிவந்த கிணறு. இரண்டு கண் உள்ளவர்களுக்கு இந்த வழி தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். மணிக்கூட்டின் பல்லுச் சக்கரங்களைத் தடவிப் பழகிய சிறுவனுக்குத் தோன்றியது என்பது என் சொந்த ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

குறொஸை இருதயத்துக்குள் மட்டும் அடைத்துவிடக் கூடாது. தொப்புள் வழியாகக் குடல் வெளியே நிற்கப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, உள்ளே திணித்தால் மூச்சு முட்டும் என்பதால், முதலில் தோலால் மட்டும் மூடி, வயிறு வளர்ந்தபின் உள்ளே வைக்கும் இரண்டு கட்ட முறையை 1948 இல் எழுதினார். 1947 இல் லாட் இருந்த கதிரைக்கு வந்து, ஹாவாட்டில் லாட்டின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியையும் வகித்தார். ஒட்டாத விரிசலின் மேல் அப்படியொரு பெயர்ப்பலகை. 1953 இல் குழந்தைச் சத்திரசிகிச்சை முழுவதையும் தனியொருவராக ஒரு பெரும் பாடநூலில் எழுதி முடித்தார். அவரிடம் பயின்றவர்கள் நாடெங்கும் போய்ச் சிறுவர் வைத்தியசாலைகளில் தலைமை ஏற்றார்கள். கடுமையான மனிதர், பேச்சுக் குறைவு, சத்திரசிகிச்சைக் கூடத்தில் தேவையில்லாத ஓர் அசைவையும் பொறுக்கமாட்டார். 1967 இல் தலைமை ஜூடா ஃபோக்மனுக்குக் கைமாறியது. இருதயப் பிரிவை மட்டும் தன்னிடம் வைத்திருந்து 1972 இல் ஓய்வுபெற்றார். அமெரிக்கக் குழந்தைச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 1970 இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1988 ஒக்ரோபர் 11 இல், 83 ஆவது வயதில் காலமானார்.

'சத்திரசிகிச்சை' என்று நாம் இன்று வழங்குவதை, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1867 இல் வெளியிட்ட நூலுக்கு 'இரணவைத்தியம்' என்று பெயரிட்டார். இரணம் என்றால் புண். புண்ணைப் பார்க்கும் வைத்தியம். உங்கள் மகளுக்குச் செய்ததைக் கிறீன் எந்தச் சொல்லால் சொல்லியிருப்பாரோ தெரியாது, ஏனென்றால் அங்கே சொல்லத்தக்க புண்ணே இல்லை. நெஞ்சைத் திறக்காமல் குருதிக்குழாய் வழியாக இந்த நாடியை அடைப்பதை 1967 இல் கிழக்கு பேர்லினில் வேர்னர் போஸ்ற்மன் அறிவித்தார். மாதம் நிறையாமல் பிறக்கும் சிசுக்களில் இந்தோமெதசின் என்ற மருந்தாலேயே இது சுருங்கக்கூடும் என்று 1976 இல் தெரியவந்தது. குறொஸின் பட்டு நூல் இன்று பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எந்தப் பிள்ளைக்கு மூடலாம், எந்தப் பிள்ளைக்கு மூடக்கூடாது என்று மூடுவதற்கு முன் பார்க்கும் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. நுரையீரல் அழுத்தம் மிகவும் ஏறிவிட்ட பிள்ளைகளில், அடைப்பானைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது இன்றும் உண்டு. அந்த மூன்று நிமிடம்தான் அது.

கடைசியாக, உங்கள் மகள். கிளினிக்குக்கு வரச்சொன்ன திகதிகளைத் தவறவிடாதீர்கள். அடைப்பான் இருந்த இடத்தில் இருக்கிறதா, ஓரத்தால் ஏதும் கசிகிறதா என்று எக்கோ, அதாவது ஒலியலையால் இருதயத்தைக் காட்டும் படம், எடுத்துப் பார்ப்பார்கள். வைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்கவோ முரசில் குருதி வரும் வேலை ஏதும் செய்யவோ வேண்டிவந்தால், கதிரையில் ஏற்றுவதற்கு முன்பே பல் வைத்தியரிடம் அடைப்பான் வைத்ததைச் சொல்லி, கொழும்பில் தந்த அட்டையையும் காட்டுங்கள். முன்கூட்டியே ஒரு நேர அளவு அன்ரிபயோற்றிக் கொடுப்பார்கள். அடைப்பானின் மேல் உடம்பு தன் மெல்லிய தோலைப் போர்த்து முடிக்கும்வரை, குறொஸின் காலத்தவர் அஞ்சிய அதே பக்ரீரியாக்களுக்கு அது இடம்கொடுக்கும். ஆறு மாதம் கழிந்து, கசிவும் இல்லையென்று எக்கோவில் தெரிந்துவிட்டால் அந்த மருந்தும் தேவையில்லை. பால்பல் விழுகிற வயதுக்கு அவள் வர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இரவில் பல் தீட்டிவிட்டுப் படுக்க இப்போதே பழக்கிவிடுங்கள்.